யூதர்களில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. உண்டா?

நம்பிக்கை: கிறிஸ்தவர்களில் ஆர்.சி., சி.எஸ்.ஐ. மாதிரிதான் யூதர்களில் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம்.

உண்மை: ஆர்.சி., சி.எஸ்.ஐ., லூத்தரன், சால்வேஷன் ஆர்மி எல்லாவற்றையும் நாகர்கோவிலிலேயே பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றும். ஆனால் யூதர்களிடையே சண்டை பெரும்பாலும் விசுவாசப் பிரமாணத்தைப் பற்றியதல்ல. யூத வேதமான தோராவின் சட்டம் மனிதனை எவ்வளவு தூரம் கட்டும் என்பதுதான் கேள்வி. சனிக்கிழமை ஓய்வுநாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்த்தடாக்ஸ்காரர் அன்று காரையும் தொடமாட்டார், மின்விளக்கு ஸ்விட்சையும் தொடமாட்டார். ஜெப ஆலயத்துக்கு நடந்தே போவார். சட்டம் கட்டும், ஆனால் காலத்துக்கேற்ப அறிஞர்கள் அதை விளக்கலாம் என்பது கன்சர்வேடிவ் கட்சி. தொழுகைக்குப் போய்வர மட்டும் கார் ஓட்டலாம் என்று 1950-இல் அமெரிக்காவில் அவர்களுடைய சட்டக் குழு சொன்னது. ரிஃபார்ம்காரர்கள் சடங்குச் சட்டங்களை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள். பெண் ரபி (யூத மதகுரு) அமெரிக்காவில் அவர்களிடம் 1972-இலும், கன்சர்வேடிவ்களிடம் 1985-இலும் வந்தார்.

நம்பிக்கை: கொச்சியின் ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ இரண்டு மதப் பிரிவுகள்.

உண்மை: மட்டாஞ்சேரிக்கு டூர் போய், பரதேசி ஜெப ஆலயத்தின் நீலப்பூச் சீன ஓடுகளைப் பார்த்து வந்தவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. ரிஃபார்ம் இயக்கம் ஜெர்மனியில் தலையெடுத்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் முந்தி, 849-இல், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் கொல்லம் தரிசாப்பள்ளி தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டிலேயே எபிரேய எழுத்தில் சாட்சிக் கையொப்பங்கள் இருக்கின்றன; அதாவது அந்தப் பிரிவுகள் பிறக்கும் முன்பே இங்கே யூதர்கள் இருந்தார்கள். ‘கறுப்பு யூதர்’ எனப்பட்ட மலபாரி யூதர்கள் பழைய குடிகள். ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து துரத்தப்பட்டு 16-ஆம் நூற்றாண்டில் வந்தவர்களும் பின்னால் வந்து சேர்ந்தவர்களும் பரதேசிகள், அதாவது ‘வெள்ளை யூதர்’. 1568-இல் தங்களுக்கென ஆலயம் கட்டினார்கள். தோரா ஒன்று, சட்டம் ஒன்று, இரு தரப்பும் ஆலயத்துக்குள் வெறுங்காலோடுதான் போனார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் மட்டும் கிடையாது.

பரதேசிகளிடம் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வாரிசுகள் நிலை அன்று இன்னும் மோசமாக இருந்தது. ஆலயத்துக்குள் இருக்கை இல்லை, முன்கூடத்தோடு சரி. தோரா வாசிக்கவும் அழைக்கவில்லை. அந்த வழியில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம் (1882–1967) ஜெப ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார்; ‘யூத காந்தி’ என்று பேரும் வாங்கினார். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்த காலமும் அதுதான். ஜெபத்தில் ஒரு வரியை மாற்றும்படி சேலம் கேட்கவில்லை, உட்கார இடம் கேட்டார். வெகுகாலம் கழித்துக் கிடைத்தது. இதை மதப் பிரிவு என்பது சாதிக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

நம்பிக்கை: ரிஃபார்ம் இந்தியாவுக்கு வரவே இல்லை.

உண்மை: லண்டனில் மருத்துவம் படித்த டாக்டர் ஜெருஷா ஜிராத், 1925-இல் பம்பாயில் ரிஃபார்ம் வழியிலான ஜூயிஷ் ரிலிஜியஸ் யூனியனைத் தொடங்கினார்.

நம்பிக்கை: பாஸ்கா நாட்களில் யூதர் எவரும் அரிசி தொடமாட்டார்.

உண்மை: நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது லேசான கேள்வியல்ல. தொடாதவர்கள் ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கத்தார். அதே அளவு ஆசாரமான, ஸ்பெயின் வழிவந்த செபார்டிகள் பலர் சோறு உண்கிறார்கள். இது ஊர்வழக்கம், பிரிவல்ல.

நம்பிக்கை: எல்லாம் ஏட்டுச் சண்டை.

உண்மை: இஸ்ரேலுக்குள் யூதத் திருமணம் ஆர்த்தடாக்ஸ் தலைமை ரபிகளின் கையில். ரிஃபார்ம் ரபி அங்கே நடத்திவைக்கும் திருமணம் செல்லாது. கொங்கண் கரையிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய பெனே இஸ்ரேல் மக்கள், சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ‘சனிவார் தேலி’ என்று பேர் வாங்கியவர்கள். அவர்கள் மற்ற யூதர்களோடு மணம் முடிக்க வந்தால் முன்னோர் வழியை விசாரிக்க வேண்டும் என்று ரபிகள் 1960-களின் தொடக்கத்தில் உத்தரவிட்டார்கள். 1964-இல் பெனே இஸ்ரேல் மக்கள் ஜெருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். நாடாளுமன்றமும் அவர்கள் பக்கம் நின்ற பிறகே உத்தரவு திருத்தப்பட்டது.