மழலையோடு வாசிக்க நூலகத்திலிருந்து எந்தப் புத்தகத்தை எடுப்பது?

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோரிடம், வீட்டில் குழந்தையோடு புத்தகம் பார்ப்பதுண்டா என்று நாங்கள் கேட்பது வழக்கம். "இன்னும் பேச்சே வரவில்லையே, புத்தகம் எதற்கு?" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. வேறு சிலர், "எனக்கே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்" என்று தயங்குகின்றனர். இத்தயக்கங்களுக்கிடையே குழந்தையின் முதல் மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மொழி வேர்பிடிக்கும் காலமும் அதுவேயாதலால், இவ்விதழில் இப்பொருளைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

ஆய்க்குடி மக்களுக்கு இக்கருத்து முற்றிலும் புதியதாக இராது. எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் இங்குத் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை இளவயதிலேயே கண்டறிந்து பயிற்சியளிப்பதன் இன்றியமையாமையைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்கள்வரை கொண்டுசென்றுள்ளது. அப்பணியின் அடிப்படை எளியது. பயிற்சியாளர் குழந்தையோடு இருப்பது வாரத்தில் ஓரிரு மணிநேரம். எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை தாயிடமும் பாட்டியிடமும் வளர்கிறது. ஆகவே அவர்கள் கையில் கொடுக்கத்தக்க கருவி எதுவோ அதுவே பயன்தரும். படப்புத்தகம் அத்தகைய கருவி. நூலகத்தில் எடுத்தால் செலவும் மிகக் குறைவு.

மருத்துவர்கள் புத்தகத்தைப் பரிந்துரைப்பது வியப்பாகத் தோன்றலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-ஆம் ஆண்டிலேயே குழந்தை மருத்துவர்கள், பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்து அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைபேசி, தொலைக்காட்சித் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது. குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் உடனிருந்து வாசிப்பதையும் கதை சொல்வதையும் அவ்வழிகாட்டுதலே ஊக்குவிக்கிறது.

இங்கே வாசிப்பு என்பது அச்சிட்டதை ஒப்பிப்பதன்று. 1988-இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலாளரும் அவர்தம் குழுவினரும் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் குடும்பங்களை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினர். இரு பிரிவினரும் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வாசித்தனர். ஒரு பிரிவினர் மட்டும் வாசிக்கையில் நிறுத்திக் கேள்வி கேட்கவும், குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லவும் பழக்கப்பட்டனர். ஒரு மாத முடிவில் அப்பிரிவுக் குழந்தைகளே பேச்சு வெளிப்பாட்டில் தெளிவாக முன்னின்றனர். அதாவது, எவ்வளவு வாசித்தோம் என்பதைவிடக் குழந்தையை எவ்வளவு பேச விட்டோம் என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது. எழுத்தறியாத பாட்டியும் படத்தைக் காட்டி, "இது யாரு? என்ன செய்யுது?" என்று கேட்டுக் கதை சொல்லலாம். ஆகையால் தமக்குப் படிக்கத் தெரியாதென்று எவரும் ஒதுங்கவேண்டியதில்லை.

தெரிவு செய்யும்போது

அட்டையில் அச்சிட்ட வயதை முதலில் மறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். நான்கு வயதுக் குழந்தையின் மொழி ஒன்றரை வயது நிலையில் இருக்குமாயின், அதற்கு ஏற்றது ஒன்றரை வயதுக்குரிய புத்தகமே. அதை எடுப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. "பெரிய பிள்ளைக்கு இந்தப் பொம்மைப் புத்தகமா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள், கேட்கட்டும்.

பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பேச்சு வராத குழந்தைக்கு ஒரு பக்கத்தில் ஒரு படம், வெறுமையான பின்னணி, ஒரு சொல் அல்லது ஒரு வரி போதும். திருவிழாக் கூட்டம்போல் நிறைந்த படம் நமக்கு அழகாக இருக்கும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கும் கவனம் சிதறும் குழந்தைக்கும் அதில் எங்கே பார்ப்பதென்றே விளங்காது. பிறந்து சில மாதங்களே ஆன சிசுவுக்குக் கருப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வண்ண வேறுபாடு வேண்டும். படத்தை முகத்திலிருந்து ஒரு சாண் அல்லது சற்றுக் கூடுதலான தொலைவில் காட்டவேண்டும்.

அடுத்து, குழந்தை கண்ட பொருள்கள் படத்தில் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். பனிமனிதனையும் ஸ்ட்ராபெர்ரியையும் காட்டும் புத்தகத்தைவிட, குரங்கும் அருவியும் கொய்யாவும் ஆட்டுக்குட்டியும் உள்ள புத்தகம் தென்காசிப் பக்கத்துக் குழந்தையை விரைவில் பேசவைக்கும். குற்றாலத்தில் குரங்கு கையிலிருந்த பழத்தைப் பறித்த கதையைக் குழந்தை தானே கைச்சாடையால் சொல்லிவிடும். காணாத பொருளும் ஒருநாள் வேண்டும்தான், தொடக்கத்தில் வேண்டாம்.

ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் கதைகள் மிக நல்லவை. மூன்றாம் பக்கத்துக்குள் குழந்தை அடுத்து வருவதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். நாம் தொடரின் கடைசிச் சொல்லை விட்டு நிறுத்தினால், அதை நிரப்ப முயலும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் தலைமுறைகளாகக் குழந்தைகளின் நாவில் நிற்பதற்கும் ஓசையே காரணம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் செவியால் சுவைக்கச் செய்தவர். அவர் வாழ்ந்த மண்ணில் உரக்க வாசிக்கக் கூச்சப்படலாமா?

நீதி சொல்லும் புத்தகங்களைப் பற்றி எங்கள் கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். நூலகத்தில் பெற்றோரின் கை முதலில் செல்வது அவற்றை நோக்கித்தான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. எழுத்து மிகுதி, படம் குறைவு. கதையின் முடிவில் வரும் அறிவுரை அவ்வயதுக்கு எட்டாது. அகரவரிசைப் புத்தகத்தையும் பாடமாக நடத்தாமல் படப்புத்தகமாகப் பாருங்கள். "அ" எங்கே என்று கேட்பதைவிட, அணில் என்ன தின்கிறது என்று கேட்பது நன்று.

நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசை, பிரதம் புக்ஸ், தூலிகா வெளியீடுகள் முதலியவற்றில் படம் மிகுந்த தமிழ் நூல்கள் உள்ளன. பிரதம் நூல்கள் வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டவை. சிறு குழந்தைக்கு முதல் நிலையே போதும். மூத்த பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களைப் பற்றிக் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் அமைந்த அவற்றுள் "நுழை" வரிசை தம்பி தங்கைக்கும் உதவும். அக்காவே வாசித்துக் காட்டினால் இருவருக்கும் பயன்.

நூலகத்தில் கேட்கத் தயங்காதீர்கள்

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். வாசகருக்குரிய நூலை வாசகரிடம் சேர்ப்பதே நூலகத்தின் கடமை என்பது அவர் கொள்கை. நாம் செலுத்தும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்கிறது. ஆகவே கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ, சிறு காப்புத்தொகை கட்டி உறுப்பினராவது நம் உரிமை. குழந்தையின் நிலையை நூலகரிடம் எடுத்துச் சொல்லி, "படம் பெரிதாக, எழுத்துக் குறைவாக இருக்கும் புத்தகம் வேண்டும்" என்று கேளுங்கள். இயன்றால் குழந்தையையும் அழைத்துச் சென்று, இரண்டு மூன்று புத்தகங்களைக் காட்டி, அதன் கண் எதில் தங்குகிறதோ அதை எடுங்கள். ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் கேட்டால் மறுக்கவேண்டாம், புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் கிழிந்துவிடுமென்று அஞ்சி அலமாரியின் மேல்தட்டில் வைக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். குழந்தை தொடாத புத்தகத்தால் பயனில்லை. கெட்டி அட்டைத் தாளில் அமைந்த புத்தகம் கிடைத்தால் அதைக் குழந்தையின் கையிலேயே கொடுங்கள். மெல்லிய தாளாயின் மடியில் வைத்து, குழந்தையின் கையைப் பிடித்துச் சேர்ந்து புரட்டுங்கள். மூளை முடக்குவாதத்தால் விரல் இறுகியுள்ள குழந்தைக்குத் தாள்களைப் பிரித்தெடுப்பது கடினம். பக்கத்துக்கு ஒன்றாகத் தாள் கிளிப்பை மேலும் கீழும் மாற்றிச் செருகினால் தாள்களுக்கிடையே இடைவெளி உண்டாகும். உள்ளங்கையால் தள்ளியே புரட்டிவிடலாம். வாசித்து முடித்ததும் கிளிப்புகளைக் கணக்கிட்டு எடுத்துவைக்கவேண்டும், வாயில் போட்டுக்கொள்ளக்கூடும். அக்குழந்தையை முதுகுக்கும் பாதத்துக்கும் தாங்கல் கொடுத்து அமரவைத்து, புத்தகத்தைச் சாய்பலகையில் கண்ணுக்கு நேராக நிறுத்துங்கள். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு எதிரே அமருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் படவேண்டும்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கவேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணும்வரை பேசாமலிருப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதைப் பயிற்சி அறையில் நாள்தோறும் காண்கிறோம். பார்வை, கைநீட்டல், ஓர் ஒலி, எதுவாயினும் அது விடைதான். "ஆ" என்று ஆட்டைக் காட்டினால், "ஆமாம், ஆடு! வெள்ளை ஆடு" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள்.

நேரமில்லை என்பது உண்மையான இடர்ப்பாடு. இப்பகுதியில் பீடி சுற்றும் தாய்மார் பலர். தட்டு மடியிலிருக்கும்போது புத்தகத்துக்குக் கை ஓயாது. பத்து நிமிடம் போதும். ஆனால் அதைத் தட்டை இறக்கி வைத்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே குழந்தையையும் புத்தகத்தையும் தொடவேண்டும். விரலில் ஒட்டியுள்ள புகையிலைத் தூள் தாள் வழியாகக் குழந்தையின் வாய்க்குச் செல்லும். பணி நடக்கும் வேளையில் தாத்தாவோ அண்ணனோ புத்தகத்தை விரித்துப் பிடித்தால், தாய் கதையை வாயால் சொல்லலாம்.

சாரல் காலத்தில் புத்தகங்கள் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்குப் பூஞ்சை வாடையும் தூசியும் உள்ள பழம்புத்தகத்தை எடுக்கவேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சையாலோ வேறு மருந்துகளாலோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் குழந்தையாயின், நூலகப் புத்தகம் கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இசைந்தால், பிளாஸ்டிக் உறையிட்ட புதிய நூலைத் தேர்ந்து, உறையைத் துடைத்துவிட்டு, வாசிக்கும் முன்னும் பின்னும் இருவரும் கைகழுவவேண்டும்.

புத்தகம் பார்க்கும் நேரம் குழந்தையை உற்றுநோக்கவும் நல்ல வாய்ப்பு. பன்னிரண்டு மாதமாகியும் மழலை ஒலியோ சுட்டிக்காட்டலோ இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, அல்லது பேசிய சொற்கள் மறைந்துவிட்டன என்றால், "அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று நாள்கடத்தாமல் செவித்திறன் சோதனைக்கும் வளர்ச்சிப் பரிசோதனைக்கும் அழைத்து வாருங்கள். 2013 முதல் செயல்படும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு வரும் நாளிலும் காட்டலாம். வரும்போது குழந்தைக்குப் பிடித்த புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்தால், பழக்கமில்லாத அறையில் அழும் குழந்தையைப் பரிசோதிப்பது எங்களுக்கும் எளிதாகும்.