காரின் உயரத்தை மாத்தியாச்சா? பின் ஆக்சிலை முதல்ல பாருங்க!

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துகளுக்குப் பேர்போனது. இப்படிப்பட்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி நேராக நிற்க, பின் சக்கரங்களும் நேராக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி காரை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அந்த நேர்க்கோடு மாறிவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரான சாலையிலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து போகும். பின் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வையுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளங்கள். அளவு நன்றாகவே வேறுபட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

1. தேய்ந்த புஷ், ஷாக் அப்சார்பர் இருந்தால் முதலில் மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் அலைன்மெண்ட்.

2. ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும்.

3. முன் சக்கரத்துக்கு மட்டும் செய்தால் போதாது. நான்கு சக்கர அலைன்மெண்ட் கேளுங்கள். பின்பக்கம் முதலில், முன்பக்கம் அடுத்து.

4. பல சிறிய கார்களில் பின் ஆக்சிலைத் திருகிச் சரிசெய்யும் வசதியே இல்லை. அளவு தவறினால் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

5. சில வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தை, பாரத்துக்கு ஏற்ப ஒரு வால்வு கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் அது 'பாரம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இதையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிரிவு 182ஏ-ன்கீழ் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரலாம்.

ஆகவே, பாகம் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பதிவுச் சான்று விவரங்களைச் சரிபார்க்க, எம்-பரிவாகன் செயலியைப் பயன்படுத்தலாம்.