மூக்கைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்

கேள்வி: என் தாத்தா 1940-களில் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அவருடைய ஆல்பத்தில் ஒரு கருப்பு-வெள்ளை விமானப் படம் இருக்கிறது. இறக்கை உடலின் அடிப்பக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், மொத்தையான வட்ட மூக்கு. வட்டச் சின்னத்தின் வெளிவளையம் கருப்பாகத் தெரிகிறது. அது காவிதான், எனவே இது எச்.டி.-2 என்கிறார்கள் வீட்டில். சரியா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த வளையத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரிட்டிஷ் காலச் சின்னத்தில் வெளியே நீலம், நடுவே வெள்ளை, உள்ளே சிவப்பு. 1950 முதல் நம் விமானப்படைச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. கருப்பு-வெள்ளையில் இரண்டும் மூன்று வளையங்கள்தான். போதாததற்கு, அந்நாளில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது: சிவப்பும் காவியும் கருத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். பான்குரோமேட்டிக் ஃபிலிமிலோ நீலமே கருமையாக விழலாம்.

வடிவம் அப்படி ஏமாற்றாது. வி.எம். காட்கே வடிவமைத்து 1951-இல் பறந்த எச்.டி.-2-இல் நான்கு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் சிர்ரஸ் மேஜர் எஞ்சின். அதனால் மூக்கு ஒடுங்கி நீண்டிருக்கும். வட்ட மூக்கு என்றால் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சின். 1942-இல் இங்கே பறந்த கர்ட்டிஸ் ஹாக் போர் விமானத்துக்கும் அதே மூக்குதான். ஆனால் அதில் ஒரே இருக்கை.

மிஞ்சுவது ஹார்லோ பி.சி.-5. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் தொடங்கிய இந்தத் தொழிற்சாலை, அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி 1941-இல் பறக்கவிட்ட முதல் விமானம் அது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன.

உறுதிசெய்ய, படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். வாலருகே எழுத்தும் எண்ணும் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மங்கியிருந்தால் பேனாவால் தீட்டிவிடாதீர்கள். பழைய விமான நிலையச் சாலையிலுள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் எச்.டி.-2 நிற்கிறது, படத்தை எடுத்துச் சென்று மூக்கை ஒப்பிடுங்கள்.

இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள். விமானத்தின் பெயரை எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அருகே நிற்கும் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. அவர்களை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள்.