பள்ளியில் இல்லாத பாடங்கள்

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகள் பலவற்றில் ‘ஏ.பி.’ எனப்படும் மேல்நிலைப் பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. இவை பல்கலைக்கழக முதலாண்டுப் பாடங்களுக்கு நிகரானவை. ஹார்வர்ட், எம்.ஐ.டி. போன்ற பல்கலைக்கழகங்களில் இடம்பெறும் அமெரிக்க மாணவர் பலர் இப்பாடங்களைப் பயின்றவர்களே. மலேசியாவின் அரசு இடைநிலைப்பள்ளிகளிலோ இப்பாடங்கள் இல்லை. இதை அறிந்ததும், ‘நமக்கு அங்கே இடமில்லை’ என முடிவு செய்து விண்ணப்பத்தைத் தொடாமலேயே விட்டுவிடும் மாணவர்கள் உண்டு. அந்த முடிவு அவசரமானது.

விண்ணப்பதாரரின் மதிப்பெண்களோடு, அவர் பயின்ற பள்ளியைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் பல்கலைக்கழகம் கேட்கிறது. அப்பள்ளியில் என்னென்ன பாடங்கள் உள்ளன, தேர்ச்சி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பன போன்ற விவரங்களைப் பள்ளியே எழுதி அனுப்ப வேண்டும். மாணவர் தேர்ந்தெடுத்த பாடங்கள் எந்த அளவுக்குக் கடினமானவை என்னும் வினாவும் ஆலோசக ஆசிரியரிடம் கேட்கப்படுகிறது. ஒப்பீடு அதே பள்ளியின் பிற மாணவர்களோடுதான். ஆகவே, பள்ளியில் இல்லாத பாடத்தைப் படிக்கவில்லை என்பது குறையாகாது. இருந்தும் தவிர்த்தார் என்பதே கவனிக்கப்படும்.

சுங்கை சிப்புட்டில் ஓர் அரசுப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பொறியியல் படிக்க விரும்பும் அவள் கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், தன் பள்ளியில் கிடைக்கும் கடினமான பாடங்களையே படிக்கிறாள் எனலாம். கூடுதல் கணிதத்தில் வகையீடும் தொகையீடும் உள்ளன. நுண்கணிதத்தின் தொடக்கம் அதுவே. மேற்கொண்டு கற்க விரும்பினால், எம்.ஐ.டி. தன் பாடங்களையே இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. ‘ஏ’ எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக எளிய பாடம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு கூடுதல் கணிதத்தைக் கைவிடுவதுதான் உண்மையான இழப்பு.

பள்ளியைப் பற்றி அதிகம் அறியாத அதிகாரிக்கு வெளி அளவுகோல் ஒன்றும் தேவைப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த ‘சாட்’ தேர்வு நிபந்தனையை எம்.ஐ.டி. 2022-இல் மீண்டும் கொண்டுவந்தது. மேல்நிலைப் பாடங்கள் இல்லாத பள்ளிகளிலிருந்து வரும் திறமையாளர்களை அடையாளம் காண அத்தேர்வு உதவுகிறது என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. பலர் தடையாக எண்ணும் தேர்வு, இத்தகைய மாணவர்களுக்குத் துணையாகவும் அமைகிறது.

இதனால் இடம் எளிதில் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. இவ்விரு பல்கலைக்கழகங்களிலும் விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்குப் போட்டி இன்னும் கடுமை. எனினும், குடும்பத்தின் வசதியின்மையைக் காரணம் காட்டி இவை இரண்டும் எந்த நாட்டு மாணவரையும் நிராகரிப்பதில்லை. பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டினருக்கு இச்சலுகை இல்லை.

எல்லா நாடுகளிலும் இதே முறை என்று கொள்ளலாகாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றில் இளங்கலைப் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் மட்டும் போதாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. அங்கெல்லாம் எஸ்.டி.பி.எம். அல்லது ஏ லெவல் போன்ற தகுதி தேவை. ‘படிவம் ஆறா?’ என முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசுப் பள்ளியிலேயே பயிலக்கூடிய எஸ்.டி.பி.எம். இப்பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க ஏற்ற தகுதியாகும்.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்போர் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வழக்கமான விண்ணப்பங்கள் ஜனவரித் தொடக்கத்தில் முடிவடைகின்றன, எஸ்.பி.எம். முடிவுகள் அதற்குப் பின்னரே வெளிவருகின்றன. அதனால் படிவம் நான்கின் மதிப்பெண்களும் மாதிரித் தேர்வின் புள்ளிகளும் முக்கியமாகிவிடுகின்றன. மலாய்மொழியில் உள்ள மதிப்பெண் பட்டியலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பள்ளிக் குறிப்பை இதற்குமுன் எழுதியிராத ஆலோசக ஆசிரியர்களும் இருக்கலாம். ஆகவே, மாணவர் படிவம் ஐந்தின் தொடக்கத்திலேயே அவரை அணுகி, பல்கலைக்கழகம் கேட்கும் விவரங்களைக் காட்டிப் பேசுவது நல்லது.