இல்லாத கையும் உண்மையான வலியும்



'அவதாரம்' என்னும் சொல் சோளிங்கர் மக்களுக்குப் புதியதன்று. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளின் மேல் யோக நரசிம்மர் வீற்றிருக்கும் ஊர் இது. அதே சொல் இன்று கணினித் துறையில் வேறொரு பொருளில் வழங்குகிறது. கணினி காட்டும் உலகில் நமக்குப் பதிலாக நின்று, நாம் அசைந்தால் தானும் அசையும் உருவத்தை 'அவதார்' என்கிறார்கள். விளையாட்டின் வழியாகப் பரவிய இவ்வுருவம், கையையோ காலையோ இழந்தவர்களின் வலியைத் தணிக்கவும், பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பழக்கவும் இப்போது பயன்படுத்தப்படுகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதற்கு அடிப்படையான பயிற்சியை நம் வீட்டிலேயே எவ்வாறு செய்யலாம் என்பதையும் இவ்விதழில் காண்போம்.

வலி பொய்யன்று

தோல் பதனிடும் ஆலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த பகுதி நம்முடையது. இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்தவர்களும், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் பலர், "இல்லாத கால் எரிகிறது", "போன கையின் விரல்கள் மடங்கி உள்ளங்கையைக் குத்துகின்றன" என்று சொல்வதுண்டு. கேட்கும் உறவினர் திகைக்கிறார்கள். சிலர், "எல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதன்பின் நோயாளி வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொள்கிறார்.

இது பிரமை அன்று. மருத்துவம் இதனை 'மாய உறுப்பு வலி' என்று அழைக்கிறது. உறுப்புதான் மாயம்; வலி மெய்யானது. நம் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கை போன பின்னும் கைக்குரிய அந்த இடம் அழிந்துவிடுவதில்லை. "விரலை நீட்டு" என்று மூளை ஆணையிடுகிறது. நீட்டியதாகக் கண்ணோ தசையோ மறுமொழி தருவதில்லை. இந்த முரண்பாடும், வெட்டுண்ட நரம்பு முனைகளிலிருந்து எழும் தூண்டல்களும் வலிக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஒரு கண்ணாடியில் தொடங்கியது

இந்த முரண்பாட்டைக் கண்ணின் வழியாகத் தீர்க்க முயன்றவர் ஒரு தமிழர். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் அவர்களே அவர். 1990களில் அவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி நல்ல கையைக் கண்ணாடியின் முன்புறம் வைப்பார். இழந்த கையின் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கை திரும்பி வந்தது போலத் தோன்றும். நல்ல கையை அசைத்தால் அந்தக் கையும் அசையும். சுமார் பத்து ஆண்டுகளாக மாயக்கை அசைவற்று உறைந்திருந்த ஒருவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தபோது மாயக்கையும் அசைவதாக உணர்ந்தார்.

பின்னர் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் இம்முறை சோதிக்கப்பட்டு, 2007இல் முடிவு வெளியானது. பயிற்சியை முடித்த 18 பேர் மூன்று குழுக்களாக இருந்தனர். நாள்தோறும் 15 நிமிடம், நான்கு வாரம் பயின்றனர். கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன் அதே பயிற்சியைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்கே குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் கண்ணால் காண்பது எவ்வளவு முக்கியம் என்பதை அது உணர்த்துகிறது.

கண்ணாடியிலிருந்து அவதாருக்கு

மெய்நிகர் கருவி இதே கண்ணாடியின் விரிந்த வடிவமே. நோயாளி தலையில் அணியும் கருவியில் இரு கண்களுக்கும் எதிரே சிறு திரைகள் உள்ளன. கருவியிலுள்ள கேமராக்களும் உணரிகளும் தலை எப்பக்கம் திரும்புகிறது, கைகள் எங்கே இருக்கின்றன என்பதை இடைவிடாது கணிக்கின்றன. தலை, வலக்கை, இடக்கை ஆகிய மூன்றின் இடமும் தெரிந்தால், முழங்கையும் தோளும் எவ்வாறு வளைந்திருக்கும் என்பதை மென்பொருள் கணக்கிட்டு, அவதாரின் எலும்புச் சட்டகத்தை அதற்கேற்ப அசைக்கிறது. ஒரு நொடியில் எழுபது, தொண்ணூறு முறை படம் புதிதாக வரையப்படுகிறது. அசைவுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் கூடினால், "இது என் கை" என்னும் உணர்வு குலையும், தலைச்சுற்றலும் வரலாம்.

இல்லாத கையை அசைக்க இரு வழிகள் உள்ளன. நல்ல கையின் அசைவை இடவலம் மாற்றி அவதாரின் மறுகைக்குக் கொடுப்பது ஒன்று. எஞ்சியிருக்கும் கைப்பகுதியின் தோல்மேல் மின்முனைகளை ஒட்டி, அங்குள்ள தசைகள் எழுப்பும் நுண்ணிய மின்குறிப்புகளைக் கொண்டு அசைப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வழியில் நோயாளி இல்லாத கையைத் தாமே அசைக்க முயல்கிறார். திரையில் அவருடைய உருவத்தோடு இணைந்து தெரியும் கை அம்முயற்சிக்குக் கீழ்ப்படிகிறது. ஸ்வீடன் நாட்டின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஒர்டிஸ் கத்தலானும் அவருடைய குழுவினரும், பிற மருத்துவத்தால் பயன் பெறாத 14 பேருக்கு இவ்வாறு 12 அமர்வுகள் பயிற்சி அளித்தனர். 2016இல் வெளியான அவர்களது ஆய்வில், ஓர் அளவீட்டின்படி வலி சராசரியாக ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

பக்கவாதத்தில் நிலைமை என்ன? 72 ஆய்வுகளில் பங்கேற்ற 2,470 பேரின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு இதற்கு அன்று ஒரு விடை தந்தது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாகக் கருவியைப் பயன்படுத்தியபோது, கையின் இயக்கத்தில் கூடுதல் பயன் காணப்படவில்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோது பயன் இருந்தது. கருவி பயிற்சிக்குத் துணை. பயிற்சிக்கு மாற்று அன்று.

நம் பகுதி அறிந்த உண்மை

மூளை புதிதாகக் கற்கும் என்பது வேலூர் வட்டாரத்துக்குப் புதிய செய்தி அன்று. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்கினார். இவ்வகைச் சிகிச்சை ஒன்றில் மோதிர விரலின் தசைநாண் கட்டைவிரலோடு இணைக்கப்படும். அதன்பின் மோதிர விரலை மடக்க முயன்றால் கட்டைவிரல் அசையும். நாள்தோறும் பழகப் பழக மூளை புதிய வழியைக் கற்றுக்கொள்ளும். அறுவை சில மணி நேர வேலை; பழக்கம் பல வார உழைப்பு.

வீட்டில் செய்யக்கூடியது

தலையில் அணியும் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. கண்ணாடி எல்லா வீடுகளிலும் உண்டு. புண் முழுமையாக ஆறியபின், மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டறிந்து, பின்வருமாறு பயிலலாம்.

1. முழு முன்கையும் தெரியும் அளவிலான கண்ணாடியை மேசைமேல், உடலின் நடுக்கோட்டில் அசையாது நிறுத்துங்கள். காலுக்கு இன்னும் நீண்ட கண்ணாடி வேண்டும்.

2. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

3. பிம்பத்தை மட்டும் பார்த்தபடி, விரல்களை மெல்ல விரிப்பதும் மடக்குவதும், மணிக்கட்டைத் திருப்புவதுமாகப் பயிலுங்கள். அதே நேரத்தில் இல்லாத கையாலும் அதே அசைவைச் செய்ய முயலுங்கள்.

4. நாள்தோறும் 10 முதல் 15 நிமிடம் போதும். ஒரு நாளில் பயன் தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டாம். சில வாரங்கள் தொடருங்கள்.

5. வலி கூடினாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். மெய்நிகர் கருவியைப் பயன்படுத்த நேர்ந்தால், வலிப்பு நோய் இருப்பதை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். மேற்சொன்ன 2007ஆம் ஆண்டு ஆய்வில், இரு கால்களையும் கண்ணாடியில் ஒருசேரக் கண்டபோது இருவர் துயரத்தால் கலங்கினர். உங்கள் வீட்டிலும் முதல் நாள் கண்ணீர் வரலாம். "அழாதே" என்று தடுக்க வேண்டாம், அருகில் அமர்ந்திருங்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். "கை இல்லாதபோது வலி எப்படி வரும்?" என்று மட்டும் கேளாதீர்கள்.

நம் மலைக்கு இப்போது கம்பிவட ஊர்தி வந்துவிட்டது; அமர்ந்தால் அது மேலே கொண்டு சேர்த்துவிடும். அவதார் அத்தகைய ஊர்தி அன்று. நாம் அசைத்தால்தான் அது அசையும். எனவே கருவி இல்லையே என்று காத்திராமல், கண்ணாடியின் முன் இன்றே அமருங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, எத்தனை நாள் பயின்றீர்கள், வலி எவ்வாறு இருந்தது என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்து அடுத்த பயிற்சியை நாம் சேர்ந்தே முடிவு செய்வோம்.