ஃபிரான்சினா பாயவில்லை

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிவரும் ஓட்டோக்காரர் தொடக்கம் பாடசாலைச் சுற்றுலாவைக் கூட்டிவரும் ஆசிரியர் வரை அந்த ஒரே கதையைத்தான் இன்னமும் சொல்கிறார்கள். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகளாம் ஃபிரான்சினா வான் ரீடே. அவளைக் கட்டுவதாக வாக்குக் கொடுத்த படை அதிகாரி மனம் மாறிக் கப்பலேறிவிட்டானாம். கப்பல், கோயில் நிற்கும் சுவாமி மலையைத் தாண்டும்போது அவள் உச்சியிலிருந்து கடலில் பாய்ந்தாளாம். ஆண்டு 1687, அங்கே நிற்கிற தூணே சாட்சியாம். அண்மைக்காலமாக இதற்கு ஒரு புது ஒட்டும் கேட்கிறேன்: அவன் வேறொருத்தியைக் கண்ட மாத்திரத்தில் மனதைப் பறிகொடுத்தானாம். "கண்டதும் வாற காதலை ஆர் தடுக்கேலும்?" என்று கேட்டு முடிக்கிறார்கள்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

தூண் இருப்பது உண்மை. அதில் ஒல்லாந்த மொழியில் அந்தப் பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருப்பதும் உண்மை. காதலன், கப்பல், பாய்ச்சல் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. ஃபிரான்சினா, ஹென்றிக் அட்ரியான் வான் ரீடேயின் வளர்ப்பு மகள். மலையாளக் கரையின் செடிகொடிகளை 12 பாகங்களில் பதிவுசெய்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலை உருவாக்கியவர்தான் இந்த வான் ரீடே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழல்களை விசாரிக்கும் ஆணையாளராக 1684இல் நியமிக்கப்பட்டு, இலங்கை, வங்காளம், சோழமண்டலக் கரை, மலையாளம் என்று கம்பனியின் தளங்களுக்கெல்லாம் போனவர். 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் கடலிலேயே இறந்தார். சூரத்தில் அவருடைய பெரிய கல்லறையை இன்றும் பார்க்கலாம். ‘பாய்ந்து செத்த’ மகளோ அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார், திருமணமும் செய்துகொண்டார். 1687இல் இறந்த பெண்ணுக்கு 1690களில் எப்படிக் கல்யாணம் நடக்கும்? ஆங்கிலேயர் காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இலங்கை பற்றி 1859இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையையும் எழுதிவைத்தார். பின்வந்த பயண நூல்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். ஆவணத்தைப் புரட்டிப் பார்க்க ஆளில்லை.

பிழையான வரலாறு என்பது மட்டும் என் கோபத்துக்குக் காரணமல்ல. கதையில் வாக்கு மாறியவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. அவன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பழியைக் கண்ணும் விதியும் சுமக்கின்றன. ஏமாற்றப்பட்டவள்தான் சாகவேண்டியிருக்கிறது, அதுவும் அழகான சாவாக. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை அந்தப் பாறை விளிம்பில் நிற்கவைத்துச் சொல்கிற கதையா இது? கைவிடப்பட்ட பெண் அழுதாள், எழுந்தாள், வேறு வாழ்க்கை வாழ்ந்தாள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? மனம் உடைந்து நிற்கும் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது 1926 என்ற இலக்கம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி அது.

தொல்லியல் திணைக்களத்திடம் ஒன்று கேட்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்பேன். அந்த இடத்தில் மும்மொழியிலும் ஒரு பலகை வையுங்கள். ஃபிரான்சினா யார், அவர் பிறகும் வாழ்ந்தார் என்பதை எழுதுங்கள். அந்தத் தூணே போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலுடையது என்று கருதப்படுவதையும் எழுதுங்கள். நம் கோயிலின் கல்லைப் பார்க்க வருகிறவன், நடக்காத ஒரு தற்கொலையைப் பார்த்துவிட்டுப் போகிறான்!

காதலையும் கல்யாணத்தையும் பற்றி இப்படிப் பிழையாகச் சொல்லப்படும் மற்றவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

கோவலன் மாதவியைக் கண்டதும் மயங்கினான் என்பார்கள். சிலப்பதிகாரம் சொல்வது வேறு. நகரத்துச் செல்வர் உலாவும் தெருவில் கூனி ஒருத்தி மாதவியின் மாலையை விலைகூறி நின்றாள். விலை 1008 கழஞ்சு பொன். கண்ணகியை மணந்திருந்த கோவலன் அதை வாங்கிக்கொண்டு கூனியோடு மாதவி மனைக்குப் போனான். பொன்னை எடுத்துக் கொடுத்தது அவன் கை. கிழக்கின் கண்ணகி கோயில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கின்போது கண்ணகி வழக்குரைப் பாடல் கேட்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன், இளம் மாலுமியாக நம் துறைமுகத்தைக் கண்டுபோனவர் என்று பெருமையாகச் சொல்வோமே, அவருடைய காதலும் ‘கண்டதும் காதல்’ ஆக்கப்பட்டுவிட்டது. எம்மா ஹமில்டனை அவர் நேப்பிள்ஸில் முதலில் சந்தித்தது 1793இல். அப்போது இருவருமே மணமானவர்கள். அவர் சில நாட்களில் புறப்பட்டுப் போய்விட்டார். உறவு தொடங்கியது 1798இல், நைல் போரில் வென்று திரும்பியபின். இடையில் ஐந்து வருடம்.

கடைசியாக, நம் வீடுகளுக்குள் நடமாடும் ஒரு நம்பிக்கை: "எழுத்துத்தானே முடிஞ்சது, தாலி இன்னும் கட்டேல்லையே." கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறவரோடு எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, முடித்துவிட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. காத்திருக்கும் காலத்தில் வேறொருவர் மேல் மனம் போகலாம். மனம் போவதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்து என்பது ஒத்திகை இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதிவாளர் முன் கையெழுத்து வைத்த அன்றே நீங்கள் கணவன் மனைவி. தாலி கட்டாததால் அது செல்லாமல் போகாது. அதைக் கலைக்க மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற சில காரணங்களையே சட்டம் ஏற்கும். "மனம் மாறிவிட்டது" அந்தப் பட்டியலில் இல்லை. கலைக்காமல் இன்னொருவரை மணந்தால் அது குற்றம். ஆகவே, மனம் மாறினால் வெளிநாட்டில் காத்திருப்பவருக்கு முதலில் அழைப்பெடுத்து உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். புதியவரோடு கதைப்பது அதற்குப் பிறகு.