நீலக் குழந்தையும் மடக்கிய முழங்கால்களும்

நான்கு மாதக் குழந்தை ஒன்று பால் குடிக்கிறது. சிறிது நேரத்தில் அதற்கு மூச்சு வாங்குகிறது. வாயை எடுத்துவிட்டு வீரிட்டு அழுகிறது. அழ அழ அதன் உதடும் நாக்கும் நகக்கண்களும் நீலம் பாய்கின்றன. தாய் பதறவில்லை. குழந்தையைத் தூக்கி, அதன் முழங்கால்கள் மார்பைத் தொடும்படி மடக்கி, அணைத்துக்கொள்கிறாள். சில நிமிடங்களில் மூச்சு சீராகிறது, நீலமும் குறைகிறது.

முழங்காலை மடக்கினால் நாக்கின் நீலம் ஏன் குறையவேண்டும்? மாணவர்களே, இந்த வினாவிற்கு விடை காண வேண்டுமானால் முதலில் இதயத்தின் அமைப்பை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு பம்புகள்

இதயம் உண்மையில் அருகருகே இருக்கும் இரண்டு பம்புகள். உடலெங்கும் சென்று ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் இரத்தத்தை வலப்பக்கம் வாங்கி, நுரையீரல் தமனி வழியாக நுரையீரல்களுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் பெற்ற இரத்தத்தை இடப்பக்கம் வாங்கி, பெருந்தமனி வழியாக உடலுக்கு அனுப்புகிறது. இவ்விரண்டு இரத்தமும் கலந்துவிடாதபடி நடுவே ஒரு தடுப்புச் சுவர் உள்ளது.

தாயின் வயிற்றில் கரு உருவான முதல் எட்டு வாரங்களுக்குள் இந்த அமைப்பு ஏறக்குறைய முழுமை பெற்றுவிடுகிறது. அப்போது ஏதேனும் ஓர் இடத்தில் சுவர் மூடாமலோ குழாய் விரியாமலோ போனால், குழந்தை இதயக் குறையோடு பிறக்கிறது. ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இப்படி ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. நம்மூரில் சிலர், ‘கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், அதனால்தான்’ என்பார்கள். இது உண்மையன்று. கருவுற்ற தொடக்கத்தில் தாயைத் தாக்கும் ருபெல்லா அம்மை, குரோமோசோம் மாற்றங்கள் போன்றவை சில குழந்தைகளின் குறைக்குக் காரணம். பெரும்பாலானவர்களிடம் தனியான ஒரு காரணத்தைக் காட்ட முடிவதில்லை. ஆகவே தாயைப் பழிப்பது அறியாமை.

ஃபாலோ விளக்கிய நான்கு குறைகள்

பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ, 1888-ஆம் ஆண்டில், நீலம் பாயும் நோயாளிகள் பலரின் இதயங்களில் நான்கு குறைகள் சேர்ந்தே இருப்பதை விளக்கினார். கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் ஓர் ஓட்டை. நுரையீரலுக்குச் செல்லும் பாதையில் குறுக்கம். ஓட்டைக்கு நேர்மேலே நகர்ந்து அமைந்த பெருந்தமனி. தடித்துப்போன வலது கீழறைச் சுவர். இவையே அந்த நான்கும். குறுகிய பாதையில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி உழைப்பதால்தான் வலது கீழறைச் சுவர் தடிக்கிறது.

இப்போது வலது கீழறையில் உள்ள இரத்தத்திற்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன. ஒன்று, நுரையீரலுக்குச் செல்லும் குறுகிய வழி. மற்றொன்று, ஓட்டையின் வழியே பெருந்தமனிக்குச் செல்லும் குறுக்கு வழி. இரண்டு மடைகள் திறந்திருந்தால், வாய்க்கால் நீர் தடை குறைந்த மடையில்தானே மிகுதியாகப் பாயும்? இரத்தமும் அப்படியே.

குழந்தை வீரிட்டு அழும்போது குறுகிய வழி மேலும் இறுகக்கூடும். உடனே இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல், ஓட்டை வழியாக உடலுக்குப் பாய்கிறது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருப்பதால் நாக்கும் உதடும் நீலமாகத் தோன்றுகின்றன.

முழங்கால்களை மடக்கி அழுத்தும்போது கால்களின் தமனிகள் நெருக்கப்படுகின்றன. உடலுக்குச் செல்லும் வழியில் தடை கூடுகிறது. பெருந்தமனியில் அழுத்தம் உயர்கிறது. ஆகவே ஓட்டை வழியாகப் பாயும் இரத்தம் குறைந்து, நுரையீரலுக்குச் செல்வது கூடுகிறது. அறுவை செய்யப்படாத பெரிய குழந்தைகள் ஓடி விளையாடியபின், யாரும் சொல்லிக் கொடுக்காமலே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான்.

செய்து பாருங்கள்

தண்ணீர்க் குழாயோடு ஒரு ரப்பர் குழாயை இணைத்து, அதன் மறுமுனையில் மூன்று வாய் கொண்ட இணைப்பு ஒன்றைப் பொருத்துங்கள். மற்ற இரண்டு வாய்களிலும் சம நீளமுள்ள ரப்பர் குழாய்களைச் செருகுங்கள். தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டு, ஒரு குழாயை விரலால் சற்றே நசுக்குங்கள். மற்றொன்றில் நீர் மிகுதியாக வரும். நசுக்கிய குழாய் உடலுக்குச் செல்லும் வழி. மற்றது நுரையீரலுக்குச் செல்லும் வழி.

பெற்றோரின் பணி

முழங்காலை மடக்குவது முதலுதவியே, சிகிச்சையன்று. நீலம் விரைவில் குறையாவிட்டாலோ, குழந்தை துவண்டுவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். நீலம் குறைந்துவிட்டாலும் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.

கைக்குழந்தைக்குப் பால் உறிஞ்சுவதே பெரிய உடற்பயிற்சி. எனவே சிறிது சிறிதாக, அடிக்கடி பால் தரவேண்டும். ஆக்சிஜன் போதாத உடல், கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொள்கிறது; இரத்தம் கெட்டியாகிறது. அந்நிலையில் வயிற்றுப்போக்காலோ வாந்தியாலோ உடலில் நீர் குறைந்தால், இரத்தம் உறையும் அபாயம் உண்டு. மற்றக் குழந்தைகளுக்குச் சிறு தொல்லையாக இருப்பது இக்குழந்தைக்குப் பெருந்தீங்காகலாம். பல் முளைத்தபின் வாயைச் சுத்தமாக வைப்பதும் முக்கியம். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கக்கூடும்.

இன்னொரு பணியும் உண்டு. எப்போது நீலம் பாய்ந்தது, அதற்கு முன் குழந்தை என்ன செய்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, எவ்வளவு பால் குடித்தது, எடை எவ்வளவு கூடியது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது சிறிது நேரமே. பெற்றோரோ இரவும் பகலும் பார்க்கிறார்கள். அறுவையை எப்போது செய்வது என்று முடிவு செய்ய இக்குறிப்புகள் உதவும்.

அறுவை வந்த வழி

கூர்ந்து நோக்கியதால்தான் சிகிச்சையும் பிறந்தது. பிறக்கும் முன் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய், பிறந்தபின் மூடிக்கொள்கிறது. அது மூடியதும் சில நீலக் குழந்தைகளின் நிலை மோசமாவதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மருத்துவர் ஹெலன் டாசிக் கவனித்தார். ‘அத்தகைய குழாயை நாமே அமைத்தால் என்ன?’ என்பது அவர் எண்ணம். கல்லூரிப் பட்டம் பெறாத ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ், நாய்களில் அந்த அறுவையைச் செய்து செம்மைப்படுத்தினார். 1944 நவம்பர் 29 அன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஆல்பிரட் பிளேலாக் 15 மாதப் பெண் குழந்தையின் கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார். தாமஸ் அவருக்குப் பின்னால் நின்று வழி சொன்னார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் அந்த அறுவை பின்னர் எண்ணற்ற குழந்தைகளுக்கு உயிர் தந்தது.

இதயத்தைத் திறந்து ஓட்டையை அடைக்க வேண்டுமானால், அந்நேரம் குழந்தையின் இரத்தத்தை யார் செலுத்துவது? 1954-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லில்லஹை ஒரு வழி கண்டார். முதல் அறுவையில், ஒரு தந்தையின் இரத்தக் குழாய்களைக் குழந்தையின் இரத்தக் குழாய்களோடு இணைத்தார். தந்தையின் இதயமும் நுரையீரலும் குழந்தைக்காகவும் உழைத்தன! அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபாலோவின் குறைகளும் இம்முறையில் சீர்செய்யப்பட்டன. அங்கே தொடங்கிய வேலையைப் பின்னர் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

இன்று இக்குறையை எதிரொலிப் படத்தால் கண்டறிந்து, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே அறுவையால் சீர்செய்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வளர்ந்து, படித்து, வேலைக்கும் செல்கிறார்கள். வாழ்நாள் முழுதும் அவ்வப்போது பரிசோதனை தேவை. உங்கள் வகுப்பிலேயே மார்பின் நடுவில் நீண்ட தழும்புள்ள தோழன் ஒருவன் இருக்கலாம். அவனைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், இரங்கவும் வேண்டாம். மருத்துவர் அனுமதித்த விளையாட்டுகளில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.